ஒட்டகம், சீனத்துச் சேகண்டி, ஆரைக்கீரை: ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடந்த கதை

1860ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய வரைபடம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஓரம் முழுக்க ஊர்கள், துறைமுகங்கள், முனைகள், வளைகுடாக்கள் என்று பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். நடுவில் வெறும் வெள்ளைத்தாள்! இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய ஒரு கண்டம். தெற்கே குளிர்காலமும் மழையும் உள்ள மேய்ச்சல் நிலம், நடுவில் கற்பாலையும் மணற்குன்றும், வடக்கே பருவமழையும் அலையாத்திக் காடும். இதில் குடியேறிய வெள்ளையர்களுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தெரிந்தது விளிம்பு மட்டும்தான்.

நடுவில் யாருமே இல்லை என்று அர்த்தமில்லை. வெள்ளையர் வந்து இறங்கிய காலத்தில் அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. பாலைவனம் என்று எழுதி வைத்த இடங்களில் எல்லாம் ஆட்கள் வாழ்ந்தார்கள், நடந்தார்கள், வியாபாரம் செய்தார்கள். தென்மேற்கு குயின்ஸ்லாந்தில் விளையும் பிட்டூரி என்ற போதையிலை பல நூறு கிலோமீட்டர் கைமாறிப் போனது. கூப்பர் சிற்றாற்றுப் பக்கத்து ஆண்கள் சடங்குக்குத் தேவையான செங்காவி மண்ணை எடுத்து வர எழுபது, எண்பது பேராகக் கூட்டம் சேர்ந்து, தெற்கே பிளிண்டர்ஸ் மலைத்தொடர் வரை நடந்து போய்த் திரும்புவார்கள். எந்த ஊற்றில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்த விதையை எப்படி அரைக்க வேண்டும், யாருடைய எல்லைக்குள் எப்படி அனுமதி கேட்டு நுழைய வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அதாவது, அந்தக் கண்டத்தைக் கடப்பதற்கான திட்டம் ஏற்கனவே தயாராக இருந்தது. தாளில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தத் திட்டத்தைக் கேட்காமல் சொந்தமாக ஒரு திட்டம் போட்டவர்களின் கதை இது.

விக்டோரியா குடியேற்றத்தில் 1851இல் தங்கம் கிடைத்தது. பத்தே ஆண்டில் மெல்போர்ன் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் பணக்கார நகரமாகிவிட்டது. பணம் வந்தால் அடுத்து பெருமை வேண்டுமல்லவா? தெற்குக் கடலிலிருந்து வடக்கே கார்பென்டேரியா வளைகுடா வரை, ஏறத்தாழ 3,250 கிலோமீட்டர், கண்டத்தைக் குறுக்கே கடந்து காட்டுவது என்று விக்டோரியாவின் ராயல் சொசைட்டி முடிவு செய்தது. பக்கத்துக் குடியேற்றமான தெற்கு ஆஸ்திரேலியா முந்திக்கொள்ளுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அங்கே ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஏற்கனவே உள்நாட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தார். ஆக, ஆரம்பத்திலேயே இது பயணமாக இல்லாமல் பந்தயமாகிவிட்டது.

தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ராபர்ட் ஓஹாரா பர்க். அயர்லாந்தில் பிறந்தவர், ஆஸ்திரிய ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர், அப்போது காஸில்மெயின் ஊரில் போலீஸ் சூப்பரின்டெண்டென்ட். துணிச்சல்காரர், சந்தேகமில்லை. ஆனால் காட்டிலும் பாலையிலும் வழி கண்டுபிடித்துப் போன அனுபவம் துளியும் கிடையாது. வானிலையும் நில அளவையும் பார்க்கச் சேர்க்கப்பட்டவர் வில்லியம் ஜான் வில்ஸ். இங்கிலாந்திலிருந்து வந்த 26 வயது இளைஞர், நிதானமானவர், கணக்கில் கெட்டி. அவருடைய நாட்குறிப்பு இல்லாவிட்டால் இந்தக் கதையில் பாதி நமக்குத் தெரிந்திருக்காது.

பாலையைக் கடக்க ஒட்டகம்தான் சரி என்று ஜார்ஜ் லேண்டெல்ஸ் என்பவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் 24 ஒட்டகங்களைக் கராச்சியில் கப்பலேற்றிக் கொண்டு வந்து சேர்த்தார். கூடவே ஒட்டகக்காரர்களும், இந்தியாவில் ராணுவ சேவையில் இருந்த ஜான் கிங் என்ற அயர்லாந்து இளைஞரும் வந்தார்கள். கிங்கின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். ஒட்டகக்காரர்களில் சம்லா என்ற இந்து ஒருவர் இருந்தார். புறப்பட்ட சில நாட்களிலேயே அவர் விலகிவிட்டார். காரணம் எளிது. கொடுத்த மாமிச உணவு அவர் சாப்பிடக்கூடியதாக இல்லை, ரொட்டியும் தண்ணீருமாக எத்தனை நாள் ஓட்டுவது? டன் கணக்கில் சாமான் ஏற்றியவர்களுக்கு, கூட வருபவர் என்ன சாப்பிடுவார் என்று கேட்கத் தோன்றவில்லை.

சாமான் என்றால் சாதாரண சாமான் இல்லை. சுமார் 20 டன்! இரண்டு ஆண்டுக்கான உணவு, மேசை நாற்காலிகள், வாணங்கள், கொடிகள், ஒரு சீனத்துச் சேகண்டி, பொடுகு நீக்கும் பிரஷ் ஒரு டஜன், ஒட்டகங்களுக்குச் செருப்பு, ஒட்டகங்கள் ஆற்றைக் கடக்கும்போது மிதப்பதற்குக் காற்றுப் பைகள். ஒட்டகங்களுக்கென்று பீப்பாய்களில் ரம் வேறு. தெம்பு தரும் என்பது லேண்டெல்ஸின் நம்பிக்கை. ஒட்டகம் குடித்ததோ இல்லையோ, வழியில் மற்றவர்கள் குடித்ததில் சண்டை வந்தது.

1860 ஆகஸ்ட் 20. மெல்போர்னின் ராயல் பார்க்கில் சுமார் 15,000 பேர் கூடி வழியனுப்ப, 19 மனிதர்களும் 26 ஒட்டகங்களும் 23 குதிரைகளும் 6 வண்டிகளும் கிளம்பின. பூங்காவை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு வண்டி உடைந்தது. அன்று நள்ளிரவில் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் எஸன்டன், அப்போது மெல்போர்னின் எல்லையிலேயே இருந்த ஊர். அங்கே இன்னும் இரண்டு வண்டிகள் உடைந்தன.

டார்லிங் ஆற்றங்கரையில் இருக்கும் மெனிண்டிக்குச் சுமார் 750 கிலோமீட்டர். தபால் வண்டி ஒரு வாரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும் அந்தத் தூரத்தை இவர்கள் கடக்க ஏறக்குறைய இரண்டு மாதமாயிற்று. இதில் கொடுமை என்னவென்றால், சாமான்களை ஆற்று வழியாக நீராவிப் படகில் கொண்டு போய் இறக்கித் தருகிறேன் என்று கேப்டன் கேடெல் என்பவர் முன்வந்திருந்தார். பர்க் மறுத்துவிட்டார். பர்க்கைத் தலைவராக்கக் கூடாது என்று கேடெல் முன்பு சொல்லியிருந்தார் என்பதுதான் காரணம். ரோஷத்துக்கு விலை உண்டு. இங்கே அதைக் குதிரையும் ஒட்டகமும் சுமந்தன.

பாரம் தாங்காமல் வழியிலேயே கழிக்க ஆரம்பித்தார்கள். பால்ரனால்டு என்ற ஊரில் கழித்துவிட்டுப் போனவற்றில் எலுமிச்சைச் சாறும் ஒன்று. நீண்ட பயணத்தில் காய்கறி இல்லாதவர்களுக்கு ஸ்கர்வி நோய் வரும், பல் ஈறு வீங்கி, பழைய புண் திறந்து, ஆள் சாவான். எலுமிச்சைச் சாறு அதைத் தடுக்கும் என்பது கப்பல்காரர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. பிற்பாடு இந்தப் பயணத்தில் இறந்தவர்கள் சிலருக்கு இந்த நோய் இருந்தது.

விஞ்ஞானிகளைப் பர்க் நடத்திய விதம் தனிக்கதை. லுட்விக் பெக்கர் என்ற ஜெர்மானிய ஓவியர், இயற்கை ஆய்வாளர், ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒட்டகத்தில் சாமான் ஏற்ற வேண்டும், நீங்கள் நடந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார் பர்க். பெக்கர் பகலெல்லாம் நடந்து, இரவில் உட்கார்ந்து பல்லியையும் பாம்பையும் வானத்தையும் வரைந்தார். அந்தப் படங்கள் இன்றும் மெல்போர்னில் இருக்கின்றன. 1861 ஏப்ரலில் அவர் வழியிலேயே இறந்தார்.

மெனிண்டியில் லேண்டெல்ஸ் சண்டை போட்டு விலகினார். அங்கே பர்க் குழுவை இரண்டாகப் பிரித்தார். தான் வேகமான ஆட்களோடு முன்னால் போவது, மிச்ச சாமானை உள்ளூர்க்காரரான வில்லியம் ரைட் பின்னால் கொண்டு வருவது. 1860 நவம்பரில் பர்க் கூப்பர் சிற்றாற்றை அடைந்தார். பெயர்தான் சிற்றாறு. நீண்ட நீர்நிலைகள், கரையெங்கும் பெரிய மரங்கள், மீன், பறவை என்று பாலை நடுவே ஒரு சோலை. யண்ட்ருவண்டா மக்களின் ஊர் அது.

திட்டப்படி அங்கே முகாம் போட்டு, ரைட் வந்ததும் மேற்கொண்டு போக வேண்டும். பர்க்குக்குப் பொறுமை இல்லை. ஸ்டூவர்ட் முந்திவிட்டால்? டிசம்பர் 16ஆம் தேதி, அதாவது அந்த நாட்டுக் கோடையின் உச்சத்தில், வில்ஸ், கிங், சார்லஸ் கிரே ஆகிய மூவரைச் சேர்த்துக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டார். ஆறு ஒட்டகம், ஒரு குதிரை, 12 வாரத்துக்கு உணவு. முகாமைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வில்லியம் பிராஹே என்ற இளைஞருக்கு. மூன்று மாதம் காத்திரு, வராவிட்டால் கிளம்பிவிடு என்றார் பர்க். தனியாகக் கூப்பிட்டு, முடிந்தால் நான்கு மாதம் இரு என்றார் வில்ஸ். அவருக்குக் கணக்கு தெரியும்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வயிறு கலங்கும். 12 வாரம் என்றால் 84 நாள். வளைகுடாப் பக்கம் போய்ச் சேரவே 57 நாள் ஆனது. கையில் மிச்சம் 27 நாள் சோறு, திரும்பும் தூரமோ வந்த தூரம் அவ்வளவும்! பாதி உணவு தீர்ந்தால் திரும்பு என்பது நடைபயணத்தின் பாலபாடம். பர்க் அதைத் தாண்டியும் நடந்தார். அத்தனையும் செய்து கடலைப் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1861 பிப்ரவரியில் அவர்கள் கண்டது உப்புத் தண்ணீரும், ஏறி இறங்கும் அலைவாட்டமும், தாண்ட முடியாத அலையாத்திச் சேறும்தான். வடக்கே அது பருவமழைக் காலம். தெற்கே வெயிலில் தொடங்கி வடக்கே சகதியில் முடியும்படி, இதைவிட மோசமாக மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

திரும்பும் வழியில் மழை. ஒட்டகங்களையும் ஒரே குதிரையையும் ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். வழியில் முளைத்துக் கிடந்த ஒரு கீரை அவர்களை ஓரளவு காப்பாற்றியது. வேறொன்றுமில்லை, நம் ஊர்ச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் பருப்புக்கீரை வகைதான். கிரே பசி தாங்காமல் மாவைத் திருடிக் கூழ் காய்ச்சிக் குடித்தார், பர்க் அடித்தார். நடிக்கிறான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்த கிரே ஏப்ரல் 17ஆம் தேதி இறந்தே போனார். அவரைப் புதைக்கவும், குழி தோண்டிக் களைத்த உடம்பை ஆற்றவும் ஒரு நாள் தங்கினார்கள்.

அந்த ஒரு நாள்...

ஏப்ரல் 21 இரவு நிலவு வெளிச்சத்தில் மூவரும் கூப்பர் முகாமுக்குள் வந்தார்கள். கூப்பிட்டார்கள். பதில் இல்லை. அடுப்பில் கங்கு இன்னும் சூடாக இருந்தது. ஆற்றங்கரை மரத்தில் 'தோண்டு' என்று புதிதாகச் செதுக்கியிருந்தது. தோண்டினால் உணவும் கடிதமும். பிராஹே அன்று காலைதான் கிளம்பியிருந்தார். மூன்று மாதம் என்று சொன்ன இடத்தில் 18 வாரம் காத்திருந்த மனிதர் அவர். கூட இருந்த பாட்டன் சாகக் கிடந்தார், ரைட் வரவேயில்லை. வேறு என்ன செய்வார்? வித்தியாசம் ஒன்பது மணி நேரம்.

இதற்கு மேல் நடந்ததுதான் படிக்கப் படிக்க மனதைப் பிசைவது. பிராஹே அந்த இரவு தங்கியிருந்தது இருபது கிலோமீட்டர் சொச்சம் தொலைவில். ஆனால் அவர் எழுதி வைத்த கடிதத்தில், ஒட்டகமும் குதிரையும் நல்ல நிலையில் இருப்பதாக இருந்தது. இவர்களைப் பிடிக்க முடியாது என்று பர்க் முடிவு கட்டினார். வந்த வழியே மெனிண்டிக்குப் போகாமல், தென்மேற்கே 240 கிலோமீட்டரில் உள்ள மவுன்ட் ஹோப்லெஸ் பக்கத்து மேய்ச்சல் பண்ணைக்குப் போகலாம் என்றார். ஹோப்லெஸ் என்றால் நம்பிக்கையற்றது என்று பொருள். பெயரிலாவது எச்சரிக்கை இருந்தது! தங்கள் கடிதம் ஒன்றை அதே குழியில் புதைத்து, மண்ணைத் தள்ளிப் பழையபடி மூடிவிட்டு, மரத்தில் புதிதாக எதுவும் செதுக்காமல் போனார்கள்.

வழியில் ரைட்டைச் சந்தித்த பிராஹேவுக்கு மனம் கேட்கவில்லை. இருவரும் குதிரையில் திரும்பி மே 8 அன்று அதே மரத்தடிக்கு வந்தார்கள். கால் மணி நேரம் சுற்றிப் பார்த்தார்கள். எதுவும் மாறவில்லை, யாரும் வரவில்லை என்று நினைத்து, தோண்டிப் பார்க்காமல் போய்விட்டார்கள். அவர்களும் ஒரு அடையாளமும் வைக்கவில்லை. மே கடைசியில் வில்ஸ் தனியாக நடந்து வந்து அதே குழியில் தன் குறிப்பேடுகளைப் புதைத்தார். யாரும் வந்த தடயமே இல்லை என்று அவரும் திரும்பினார். இருபது டன் சாமான் கட்டியவர்கள், ஒருவருக்கொருவர் எப்படிச் செய்தி விட்டுச் செல்வது என்று உட்கார்ந்து பேசி வைக்கவில்லை. ஒரு உளியும் ஐந்து நிமிடமும் போதுமாயிருந்தது.

மவுன்ட் ஹோப்லெஸ் பயணம் தண்ணீர் கிடைக்காமல் பாதியில் நின்றது. மிச்சமிருந்த இரண்டு ஒட்டகங்களில் ஒன்று சேற்றில் புதைந்தது, ராஜா என்ற மற்றொன்று நடக்க முடியாமல் விழுந்தது. இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். செங்காவி மண் எடுக்க அந்தப் பகுதி ஆண்கள் காலங்காலமாக நடந்து போன பிளிண்டர்ஸ் மலைத்தொடரும் அதே திசையில்தான். மவுன்ட் ஹோப்லெஸ் அந்த மலைத்தொடரின் வடகோடியில் இருக்கிறது. வழி தெரிந்தவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

யண்ட்ருவண்டா மக்கள் ஆரம்பத்திலிருந்தே விலகிப் போகவில்லை. மீன் கொண்டு வந்து கொடுத்தார்கள், தங்கள் குடிசைகளுக்கு அழைத்தார்கள். பிராஹேவின் முகாம் வேலி அடித்துக்கொண்டு அவர்களைத் தள்ளியே வைத்தது. பர்க்குக்கோ, காட்டுமிராண்டிகளிடம் கை நீட்டிப் பழகிவிட்டால் மரியாதை போய்விடும் என்ற எண்ணம். ஒருமுறை ஒருவர் ஒரு துணியை எடுக்க முயன்றபோது தலைக்கு மேலே சுட்டார். மீன் கொண்டு வந்தவர்களின் கையிலிருந்ததைத் தட்டிவிட்டார். அதன் பிறகு அவர்கள் இடம் பெயர்ந்து போய்விட்டார்கள்.

மூவருக்கும் மிஞ்சியது நார்டு. இது தண்ணீர் தேங்கும் இடத்தில் வளரும் ஒரு பெரணி வகை, நான்கு இலை கூடினாற்போல் இருக்கும். நம் வயலோரங்களில் முளைக்கும் ஆரைக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். அதன் வித்துக்கூடுகளை அரைத்து அடை சுட்டுத் தின்பது அந்தப் பகுதி வழக்கம். மூவரும் அதைப் பொறுக்கி, அரைத்து, வயிறு நிறையத் தின்றார்கள். தின்னத் தின்ன உடம்பு இளைத்தது! பசி இல்லை, ஆனால் கால் ஓய்ந்தது, குளிர் தாங்கவில்லை, எழுந்து நிற்க முடியவில்லை. இதை வில்ஸ் புதிரைப் போலத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

புதிருக்கு விடை பின்னால் வந்தது. நார்டுவில் தயாமினேஸ் என்ற நொதி நிறைய உண்டு. உடம்பில் உள்ள வைட்டமின் பி1ஐ அது அழித்துவிடும், சூட்டுக்கும் சுலபத்தில் மசியாது. விளைவு பெரிபெரி நோய். யண்ட்ருவண்டா பெண்கள் அதைத் தண்ணீர் விட்டு அரைத்துக் கரைத்துப் பக்குவம் செய்யும் முறையில் அந்த நச்சுத்தன்மை போய்விடும். இவர்களோ விதையைப் பார்த்தார்கள், பக்குவத்தைக் கற்கவில்லை. பர்க்கும் வில்ஸும் இறந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்று 1994இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். மரவள்ளியையும் காராக்கருணையையும் பக்குவம் தெரியாமல் சமைத்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்ப் பாட்டிகளைக் கேட்டால் போதும், இது எளிதாகப் புரியும்.

1861 ஜூன் இறுதி வாக்கில் வில்ஸால் நகர முடியவில்லை. அவர் பக்கத்தில் சில நாள் உணவை வைத்துவிட்டு, மற்ற இருவரும் யண்ட்ருவண்டா மக்களைத் தேடிப் போனார்கள். அதாவது, துப்பாக்கி காட்டி விரட்டிய அதே ஆட்களை. பர்க் வழியிலேயே இறந்தார். கிங் திரும்பி வந்தபோது வில்ஸும் இறந்திருந்தார்.

தனியாளான கிங் செய்தது ஒன்றுதான். தலைமையும் இல்லை, கட்டளையும் இல்லை, சாமானும் இல்லை. அந்த மக்களின் காலடித் தடத்தைத் தொடர்ந்து போய்ச் சேர்ந்தார். அவர்களுக்குக் காக்கை சுட்டுக் கொடுத்தார். ஒரு பெண்ணின் கையில் இருந்த புண்ணை வெந்நீரில் கழுவி, கையிலிருந்த வெள்ளி நைட்ரேட் மருந்தைத் தடவினார். அவள் நார்டு அடை கொடுத்தாள். இரவில் படுக்க இடம் கொடுத்தார்கள். அந்தப் பக்குவத்தில் செய்த உணவைத் தின்று, இரண்டு மாதத்துக்கும் மேல் அவர்களோடே இருந்தார். செப்டம்பர் 15 அன்று ஆல்ஃபிரட் ஹோவிட் தலைமையில் வந்த தேடுதல் குழு அவரைக் கண்டுபிடித்தது. கண்டத்தைக் கடந்து உயிரோடு திரும்பியவர் அவர் ஒருவரே. மொத்தப் பயணத்தில் இறந்தவர்கள் ஏழு பேர்.

ஹோவிட் அதே வழியில், அதே பாலையில், ஓர் ஆளையும் இழக்காமல் போய் வந்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நிலம் கொன்றது என்று பர்க்கின் அபிமானிகள் சொல்வது அவ்வளவாக எடுபடாமல் போவது இதனால்தான்.

சரி, ஸ்டூவர்ட் என்ன ஆனார்?

அவர் 1844-45இல் சார்லஸ் ஸ்டர்ட் என்பவரோடு உள்நாட்டுக்குப் போனவர். ஸ்டர்ட் கண்டத்தின் நடுவில் கடல் இருக்கும் என்று நம்பி, பாலைவனத்துக்குள் ஒரு படகை இழுத்துக்கொண்டு போன ஆள்! தண்ணீர் வற்றிய கோடையில் ஒரே நீர்க்குட்டையருகே ஆறு மாதம் மாட்டிக்கொண்ட அந்தக் குழுவில் இருந்ததால், எதைச் செய்யக் கூடாது என்பதை ஸ்டூவர்ட் நேரில் படித்தவர். 1858இல் தன் முதல் பயணத்துக்கு அவர் அழைத்துப் போனது இரண்டே பேரை, கூட ஐந்தாறு குதிரைகள். வண்டி கிடையாது, மேசை கிடையாது. அவருடைய முறை ரொம்பவும் சாதாரணமானது. முதலில் ஓரிருவர் முன்னால் போய்த் தண்ணீர் பார்ப்பது. இருந்தால் திரும்பி வந்து மற்றவர்களை நகர்த்துவது. இல்லாவிட்டால் வேறு திசை. அதுவும் இல்லாவிட்டால் ஊருக்கே திரும்புவது.

திரும்புவதை அவர் அவமானமாக நினைக்கவில்லை. 1860 ஏப்ரலில் கண்டத்தின் நடுப்பகுதியை அடைந்தார். ஜூனில் வருமுங்கு மக்கள் எதிர்த்ததும் திரும்பினார். 1861இல் இன்னும் வடக்கே போய், முள்புதரைத் தாண்ட முடியாமல் மறுபடி திரும்பினார். ஆறாவது பயணத்தில்தான், 1862 ஜூலை 24 அன்று, வடகடலில் கால் நனைத்தார். ஜூலை என்றால் வடக்கே மழையில்லாத காலம். திரும்பும்போது ஸ்கர்வியில் பார்வை மங்கி, இரண்டு குதிரைகளுக்கு இடையே கட்டிய தூளியில் படுத்தபடி வந்தார். ஆனால் கூட வந்தவர்களில் ஒருவரையும் சாகக் கொடுக்கவில்லை.

ஸ்டூவர்ட்டைப் புனிதராக்கவும் தேவையில்லை. உள்ளூர் மக்களிடம் கேட்டுக் கேட்டுப் போனவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் அவர் நம்பிப் போன ஊற்றுகளின் வரிசை, அயர் ஏரிக்கு மேற்கே மண்மேடுகளின் உச்சியில் தானாகப் பொங்கும் நீரூற்றுகள், அராபனா மக்களும் மற்றவர்களும் தலைமுறை தலைமுறையாக நடந்த வழி. தெரிந்தோ தெரியாமலோ அவர் கால் வைத்தது பழைய பாதையில்தான். பத்தே ஆண்டில் அந்த வழியை ஒட்டி 3,200 கிலோமீட்டருக்குத் தந்திக் கம்பி நட்டார்கள். 1872 ஆகஸ்டில் இரு முனையும் இணைந்தது. லண்டன் செய்தி இந்தியா வந்து, சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர், பிறகு ஜாவா, டார்வின் என்று போய், ஸ்டூவர்ட் நடந்த தடத்தில் அடிலெய்டுக்கு இறங்கியது. இன்று அங்கே ஓடும் நெடுஞ்சாலைக்கு ஸ்டூவர்ட் பெயர்தான்.

ஆனால் புகழ் என்பது வேறு கணக்கு. 1863 ஜனவரி 21 அன்று மெல்போர்னில் பர்க்குக்கும் வில்ஸுக்கும் அரசு மரியாதையுடன் இறுதி ஊர்வலம் நடந்தது. விக்டோரியாவின் முதல் அரசு இறுதிச்சடங்கு அது. பெருங்கூட்டம். பிறகு பெரிய வெண்கலச் சிலையும் வந்தது. அதே நாளில்தான் அடிலெய்டில் ஸ்டூவர்ட்டும் அவர் ஆட்களும் உயிரோடு ஊர்வலம் போனார்கள். மூன்றே ஆண்டில் ஸ்டூவர்ட் லண்டனில் இறந்தபோது, அடக்கத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒட்டகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பர்க் தோற்றாலும் ஒட்டகம் தோற்கவில்லை. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு ஆஸ்திரேலிய உள்நாட்டுக்குச் சாமான் ஏற்றிப் போனது பலுசிஸ்தான், பஞ்சாப், பெஷாவர் பக்கமிருந்து வந்த ஒட்டகக்காரர்கள்தான். எல்லோரையும் சேர்த்து 'ஆப்கன்கள்' என்றே அழைத்தார்கள். அடிலெய்டிலிருந்து டார்வின் போகும் 'கான்' ரயிலின் பெயர் அதிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். பிராஹேவோடு கூப்பர் முகாமில் காத்திருந்த தோஸ்த் முகமது பின்னர் மெனிண்டியில் ஒட்டகம் கடித்து ஒரு கையை இழந்தார், அந்த ஊரிலேயே இருந்து இறந்தார். அவருக்குச் சிலை வைக்கவில்லை.

கிங் உடம்பு தேறவேயில்லை. 1872இல், 33 வயதில் இறந்தார். அவரைக் காப்பாற்றிய யண்ட்ருவண்டா மக்களுக்கு மெல்போர்ன் குழு நன்றி சொல்லப் பித்தளையில் பிறை வடிவத் தகடுகள் செய்து ஹோவிட் மூலம் கொடுத்தது. ஆங்கிலத்தில் பொறித்த தகடுகள். அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் அந்த நீர்நிலைகளைச் சுற்றி மாட்டுப் பண்ணைகள் வந்தன. நோய் வந்தது. மக்கள் சிதறிப் போனார்கள். அந்தத் தகடுகளில் ஒன்று இப்போது கான்பெராவில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'தோண்டு' என்று செதுக்கிய மரம் கூப்பர் கரையில் இன்னும் நிற்கிறது. எழுத்தின் மேல் பட்டை வளர்ந்து மூடிவிட்டது.